சந்தைக்கும் சிப்பாங்குக்கும்

ஹோண்டா ஒரு காலத்தில் சாதாரணக் குடும்பக் காரின் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் வைத்து விற்றது. 1987இல் வந்த நான்காம் தலைமுறை சிவிக்கில் அது ஆரம்பித்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் தொடர்ந்தது. 2000இல் வந்த ஏழாவதில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுக்கு மாறிப்போனது. என்னிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறையின் மூன்று கதவுக் கார். கிள்ளானில் எந்தப் பட்டறையிலும் ‘ஈஜி’ என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். நான் வாங்கும்போதே பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையிலிருந்து எடுத்த பி16ஏ இன்ஜின் அதில் ஏறியிருந்தது. ஜப்பானில் எஸ்ஐஆர் மாடலுக்கு 170 குதிரைத்திறனோடு வந்த 1.6 லிட்டர் விடெக் இன்ஜின் அது. வருகிறவர்கள் எல்லாரும் பானெட்டைத் திறந்து அதைத்தான் பார்ப்பார்கள். எனக்கோ குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கத்தான் பிடிக்கும்.

அங்கே மேலே ஒரு குட்டை ஆர்ம், கீழே ஒரு நீள ஆர்ம், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற நக்கிள். சக்கரம் மேடேறும்போது குட்டை ஆர்ம் சின்ன வட்டத்தில் சுழல்வதால் சக்கரத்தின் தலையை உள்பக்கம் இழுக்கும். கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையோடு படிந்து நிற்பதற்கு இந்த இழுப்புதான் உதவுகிறது. தலை உள்ளே சாய்ந்திருப்பதை நெகட்டிவ் கேம்பர் என்கிறோம். காரின் உயரத்தைக் குறைத்தால் இந்தச் சாய்வு நிற்கும்போதே வந்துவிடும். நேர் ரோட்டில் போனாலும் டயரின் உள்விளிம்புதான் பாரம் சுமக்கும்.

தொழிற்சாலை இந்தக் காருக்குக் கேம்பரை மாற்ற வழி எதுவும் வைக்கவில்லை. முன்சக்கரத்தின் டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, டை ராடில் மாற்றலாம். பின்சக்கரத்தின் டோவை நீள்துளையில் போல்ட்டை நகர்த்தி மாற்றலாம். அத்தோடு சரி. அதனால்தான் ஈஜியை இறக்கி ஓட்டுகிற எல்லாரும் ஒருநாள் அட்ஜஸ்டபிள் ஆர்ம் தேடி வருகிறார்கள். ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்குக் கேம்பரைக் குறைக்க வேண்டும். பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவருக்குக் கூட்ட வேண்டும். என் கார் வார நாட்களில் என்னை வேலைக்குக் கொண்டுபோகும். சனிக்கிழமை காலையில் அம்மாவை கிள்ளான் சந்தைக்குக் கூட்டிப்போகும். டிராக் டே வந்தால் எலைட் நெடுஞ்சாலையில் ஏறி சிப்பாங் பந்தயத் திடலுக்குப் போய், முழு வேகத்தில் ஓடிவிட்டு, அதே டயரில் வீடு திரும்பும். இந்த மூன்றுக்கும் ஒரே ஆர்ம்தான். அதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முன்னால் வைத்திருந்தவர் போட்ட ஒரு ஜோடி அட்ஜஸ்டபிள் ஆர்ம் காரோடேயே வந்திருந்தது. மேல் ஆர்மின் நுனியில் ஒரு தட்டு, தட்டில் நீள்துளை, பால்ஜாயிண்ட் அந்தத் துளையில் உள்ளேயும் வெளியேயும் நகரும், வேண்டிய இடத்தில் வைத்து போல்ட்டை இறுக்கிவிடலாம். விலை குறைவு, மாட்டுவது சுலபம், டயரைக் கழற்றினால் போதும், கேம்பரை மாற்றிவிடலாம். ரோட்டில் அது எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. அலைன்மெண்ட் கடையில் இரண்டு பக்கமும் இரண்டரை டிகிரி என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சிப்பாங் போனேன்.

சிப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள். அதில் பத்து வலதுபக்கம், ஐந்துதான் இடதுபக்கம். வலதுபக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்க டயர்களுக்குப் போகும். முன்சக்கரத்தில் இழுக்கிற காருக்கு, திருப்புவதும் இழுப்பதும் பிரேக் போடுவதும் எல்லாம் அந்த ஒரே இடது முன்டயரின் தலையில் விழும். நான்காவது வளைவு மேடேறிப் போகிற வலது வளைவு. அதிலிருந்து வெளியே வரும்போது கார் தானாக அகன்று இடப்பக்கக் கெர்பில் ஏறும். அன்று ஏறியபோது ஸ்டீரிங்கில் ஒரு சின்னத் தட்டல் கேட்டது. அடுத்தது ஐந்தாவது, நீண்ட இடது வளைவு. அங்கே வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் பாரம் வலப்பக்கம் இருந்தது. உடனே வந்த ஆறாவது வலது வளைவில் முன்பக்கம் பிடியில்லாமல் வெளியே தள்ளியது. பின்நேர்கோட்டில் வந்தபோது ஸ்டீரிங் கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் கார் நேராகப் போனது. பிட்டுக்குள் திருப்பிவிட்டேன்.

பக்கத்து காரேஜில் இருந்தவர் தன்னுடைய ஊசி வெப்பமானியைக் கொடுத்தார். ரப்பருக்குள் குத்தி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளப்பது. கேம்பர் சரியாக இருக்கும் டயரில் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடச் சற்றே சூடாக இருக்கும். என் வலது டயரில் அப்படித்தான் இருந்தது. இடது டயரில் தலைகீழ். வெளிவிளிம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அங்கே ரப்பர் உருண்டு உருண்டு சுருண்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், தட்டில் வாஷர் பதிந்திருந்த பழைய வட்டத்துக்கும் இப்போது அது உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில் பளபளவென்று ஒரு பிறைக்கீற்று. சுரண்டிய இரும்பின் நிறம். பால்ஜாயிண்ட் வெளியே நகர்ந்திருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இதில் அதிசயம் எதுவும் இல்லை. வளைவில் தரை டயரின் அடியை உள்நோக்கித் தள்ளுகிறது. கீழ் பால்ஜாயிண்டை அச்சாக வைத்துப் பார்த்தால் சக்கரத்தின் தலை வெளியே போக முயல்கிறது. அதாவது மேல் ஆர்ம் இழுபடுகிறது. அந்த இழுப்பைத் தாங்க அந்தத் தட்டில் இருந்தது போல்ட்டின் இறுக்கம் தருகிற உராய்வு மட்டும்தான். மேல், கீழ் பால்ஜாயிண்டுகளுக்கு நடுவில் நானூறு மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி கேம்பர் ஏழு மில்லிமீட்டரில் அடங்கிவிடும். மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் கிட்டத்தட்ட அரை டிகிரி போய்விட்டது என்று அர்த்தம். கூடவே டோவும் மாறிவிடும், ஏனென்றால் தலை வெளியே போகும்போது டை ராட் இருந்த இடத்திலேயே நின்று நக்கிளைத் திருப்பிவிடுகிறது.

அந்த வாரமே மேரு சாலையில் இருக்கிற மாமாவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். உறவுமுறையில் மாமா இல்லை. அப்பாவின் சிநேகிதர், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். 1968இல் திறந்த பத்து தீகா பந்தயத் திடலின் வேலியோரமாகப் போய் நின்றே கார் வேலை கற்றவர். 2003இல் அதை இடித்தபோது அங்கிருந்து ஒரு துண்டு கெர்பை எடுத்து வந்து பட்டறை வாசலில் வைத்திருக்கிறார். நான் எந்த பிராண்ட் ஆர்ம் வாங்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே காரை ராம்பில் ஏற்றி, நீளக் கடப்பாரை ஒன்றை எடுத்துவந்தார்.

“தம்பி, ஆடுறது எதுன்னு மொதல்ல பாரு. ஆடுறத அப்படியே விட்டுட்டு எதைப் போய் அட்ஜஸ்ட் பண்ணுவ?”

ஆர்ம்களின் மூட்டில் இருக்கிற ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷுக்குப் பக்கத்திலும் கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினார். முன் லோவர் ஆர்மின் புஷ் கொஞ்சம் நெகிழ்ந்தது, பரவாயில்லை. பின்னால் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷுக்கு வந்தபோது அதன் நடுக்குழல் ஓரத்துக்கே போய்விட்டது. ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே விரலை விட்டால் கறுப்புத் தூள். பின்சக்கரங்களின் உள்விளிம்பு தேய்ந்ததற்கு நானும் கேம்பரைத்தான் காரணமாக நினைத்திருந்தேன். மாமா டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளேயும், பிறகு உள்ளேயிருந்து வெளியேயும் இழுக்கச் சொன்னார். ஒரு திசையில் வழுவழுவென்று போன கை, எதிர்த்திசையில் மீன் செதிலைத் தடவுவதுபோல் தடுக்கியது. அது டோவின் கையெழுத்து. கேம்பர் ஒரு விளிம்பை மெதுவாகத் தேய்க்கும்; டோ தவறினால் டயர் ஒவ்வொரு அடியும் குறுக்கே உரசிக்கொண்டே போகும். கிழிந்த புஷ், பிரேக் போடும்போதும் வளையும்போதும் பின்சக்கரத்தை இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. எந்த விலையுயர்ந்த கேம்பர் ஆர்மும் அதைச் சரிசெய்திருக்காது.

இறக்கிய ஹோண்டாக்களின் உள்விளிம்புத் தேய்மானத்துக்குக் கேம்பர் கிட் என்று எழுதி விற்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தேவைப்படுவது நல்ல புஷ்ஷும் சரியான டோவும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காப்பார் சாலை உதிரிப்பாகக் கடையில் முதலாளி, அதாவது தவுக்கே, கண்ணாடி மேசைமேல் நான்கைந்து விதமான ஆர்ம்களை வரிசையாக வைத்தார். “ரோடா, டிராக்கா, பாஸ்?” என்று மலாயில் கேட்டார். இரண்டும் என்றேன். அப்படியானால் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த மேசைமுன் செலவழித்த மாலை எனக்கு இன்னும் பிடித்த மாலைகளில் ஒன்று. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் ஆர்ம் பேசும்.

நான் முதலில் பார்த்தது நீளத்தை எது மாற்றுகிறது என்று. நீள்துளைத் தட்டு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வகையில் ஆர்மின் தண்டிலேயே மரை இருக்கிறது. ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. தண்டைத் திருகினால் இரண்டு முனையும் ஒன்றாக விலகும் அல்லது நெருங்கும். ஒன்றரை மில்லிமீட்டர் மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று மில்லிமீட்டர். இங்கே இழுப்பை மரையே தாங்குகிறது, உராய்வை நம்ப வேண்டியதில்லை. லாக் நட்டின் வேலை தண்டு தானாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும். கெர்பில் ஏறினால் நகர வழியே கிடையாது. ஆனால் எவ்வளவு மரை உள்ளே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. வேண்டிய கேம்பருக்குத் திருகிய பிறகு இரண்டே சுற்றில் தொங்கிக்கொண்டிருக்கிற ஆர்ம் உங்கள் காருக்கான ஆர்ம் இல்லை.

முன் மேல் ஆர்ம் இந்தக் காரில் ஏ எழுத்து மாதிரி. உள்பக்கம் இரண்டு புஷ், வெளியே ஒரு பால்ஜாயிண்ட். இரண்டு காலிலும் தனித்தனி மரை இருக்கிற ஆர்ம் கிடைத்தால் ஒரு காலை நீட்டி மற்றதைக் குறைத்து பால்ஜாயிண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம், காஸ்டர், அதாவது ஸ்டீரிங் அச்சின் பின்சாய்வு, கூடும். காஸ்டர் கூடினால் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது வெளிச்சக்கரம் தானே உள்ளே சாயும். நிற்கும்போது குறைந்த கேம்பரோடு நேராக ஓடி, வளையும்போது மட்டும் சாய்கிற சக்கரம். ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே காரை வைத்திருக்கிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பிறகு மூட்டு. நான் அதிக நேரம் யோசித்தது இதைப் பற்றித்தான். ஒரிஜினல் ரப்பர் புஷ் அமைதியானது, தண்ணீருக்கும் மண்ணுக்கும் அஞ்சாது, ஆனால் பாரத்தில் நெகிழும். பாலியூரித்தேன் அவ்வளவு நெகிழாது. அதற்குரிய கிரீஸ் இல்லாமல் போட்டால் கிறீச்சிடும். அது ஒரே அச்சில் சுழல்கிற மூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். பில்லோபால் என்று இங்கே எல்லாரும் சொல்கிற உருண்டை பேரிங் எந்தத் திசையிலும் தாராளமாகச் சுழலும், அணுவளவும் நெகிழாது. அதனாலேயே ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் காரின் உடலுக்குள் கொண்டுவரும். மணல் புகுந்தால் உள்ளே இருக்கிற டெஃப்லான் பூச்சு தேய்ந்து, டக் டக் என்று தட்ட ஆரம்பிக்கும். கிள்ளானில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் தார் ரோட்டில் போட்டுவைத்த குழிவான தடங்களில் மாலை மழைத் தண்ணீர் நிற்கும். அதில்தான் தினமும் போகிறேன்.

தவுக்கே நான்கு மூலைக்கும் பில்லோபால் செட் ஒன்றைக் காட்டினார். தைவானில் செய்தது, வேலைப்பாடு அழகாக இருந்தது. அதே கம்பெனியில் கடினமான ரப்பர் புஷ் போட்டும் வருகிறது. ஹார்ட்ரேஸ், குஸ்கோ, ஸ்கங்க்2 என்று பெயர்கள் மேசைமேல் வந்துபோயின. எந்தப் பெயராக இருந்தாலும் நான் கேட்ட கேள்விகள் ஒன்றே. பால்ஜாயிண்ட் தேய்ந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? பேரிங்குக்கு ரப்பர் உறை உண்டா? பால்ஜாயிண்ட் கிண்ணத்தைச் சுற்றி வெல்டிங் முழு வட்டமா, மூன்று இடத்தில் புள்ளியா? ஒரு ஆர்மில் வெல்டிங் பாதியில் நின்றிருந்தது. அதைத் திரும்ப மேசையில் வைத்ததும் தவுக்கே ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப்போய்விட்டார்.

மூட்டைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது, ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்த மாலையில் எனக்குத் தெளிவானது. முன் மேல் ஆர்மின் உள்புஷ் ஒரே அச்சில் சுழல்வது, கடினமான ரப்பர் போதும். பின்பக்கம் டோவைப் பிடித்திருக்கிற குட்டை ஆர்ம் நீளத்தில் சின்னது, பாரமும் குறைவு; ஆனால் அது ஒரு மில்லிமீட்டர் நெகிழ்ந்தால் பின்சக்கரம் திரும்பிவிடும். அங்கே உறை போட்ட பில்லோபால். பின் மேல் ஆர்முக்கு மரைத் தண்டு, இரு முனையும் கடினமான ரப்பர்.

டிரெய்லிங் ஆர்ம் புஷ் கதை வேறு. பார்ப்பதற்குக் கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் மட்டும் ஆடுவதாகத் தோன்றும். உண்மையில், குறுக்கே இருக்கிற மூன்று ஆர்ம்களும் தத்தம் வட்டத்தில் இழுப்பதால் டிரெய்லிங் ஆர்ம் மேலேறும்போதே பக்கவாட்டிலும் திருகிக்கொண்டும் நகர வேண்டியிருக்கிறது. அந்தப் பெரிய ரப்பர் இவ்வளவுக்கும் இடம் கொடுக்கிறது. அங்கே கெட்டியான பாலியூரித்தேனை அடைத்தால் சஸ்பென்ஷனே இறுகிக்கொள்ளும். பின்பக்கம் வளைவில் சொல்லாமல் கொள்ளாமல் வெடுக்கென்று வெளியே போகும். பளிச்சென்ற நிறத்தில் அந்தப் புஷ் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் புதிய ரப்பரைத்தான் வாங்கினேன், அதைப் பற்றி எனக்கு இன்றுவரை இரண்டாம் யோசனை இல்லை.

பின் லோவர் ஆர்முக்கு மினுமினுக்கிற அலுமினியத்தில் நிறையக் கிடைக்கின்றன. பின்னால் வருகிறவருக்குத் தெரிகிற ஒரே ஆர்ம் அதுதான் என்பதால் அதற்கு நல்ல கிராக்கி. அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமில்லை. ஒரிஜினல் இரும்பைத் துரு நீக்கி, பெயிண்ட் அடித்து, புதிய புஷ் அழுத்திப் போட்டுக்கொண்டேன்.

மாட்டும் நாளில் மாமா இரண்டு வேலைகளை அவசரப்படாமல் செய்தார். முதல் வேலை, இடிக்கிறதா என்று பார்ப்பது. இறக்கிய ஈஜியில் சக்கரம் முழுதாக மேலேறும்போது மேல் ஆர்ம் ஷாக் டவரின் உள்தகட்டில் போய் மோதும். மரையும் லாக் நட்டும் இருக்கிற ஆர்ம் ஒரிஜினலைவிடத் தடிமன், இன்னும் சீக்கிரம் மோதும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அப்சார்பரை மட்டும் மாட்டி, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத் தகட்டில் அப்பி, ஜாக்கியால் சக்கரத்தை மெல்ல மேலே தூக்கினார். ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். இறக்கிப் பார்த்தால் களிமண்ணில் லாக் நட்டின் ஆறு மூலையில் இரண்டு மூலை அச்சாகப் பதிந்திருந்தது. களிமண்ணின் தடிமன் அங்கே ஒரு காகித அளவுதான் மிச்சம். காரை ஒரு விரல்கடை உயர்த்தினோம். உயரம் குறைந்தால் அழகு என்பார்கள். ஆர்முக்கு நடமாட இடம் இல்லாத காரில் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் வீண்தான்.

இரண்டாவது வேலைதான் பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போவது. ரப்பர் புஷ்ஷின் நடுக்குழல், போல்ட்டை இறுக்கியதும் உடலோடு கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆர்ம் ஆடும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கும். கார் ராம்பில் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை என்றாகிவிடும். தரையில் இறக்கியதும், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். சீக்கிரமே கிழியும், காரும் சரியான உயரத்தில் உட்காராது. அதனால் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டிவிட்டு, நான்கு சக்கரத்தையும் உயரமான பலகைகளின் மேல் இறக்கினோம். ஓட்டுநர் சீட்டில் ஏழு பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கினார் மாமா. என் எடைக்கு ஏறத்தாழ அவ்வளவு. காரை முன்னும் பின்னும் அழுத்தி அமரவிட்டு, அட்டையை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினார். டிக் என்று ரெஞ்ச் சத்தம் கொடுத்ததும் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் நட்டிலிருந்து தண்டுவரை ஒரு கோடு. லாக் நட்டுகளுக்கும் அப்படியே. அந்தக் கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கும் சிப்பாங் போகிறதற்கு முன்னும் பின்னும் டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பார்க்கிறேன், ஒன்றுவிடாமல்.

அலைன்மெண்டுக்கு, சொன்னதைக் கேட்கிற கடையாகப் பார்த்துப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் பச்சை வந்ததும் முடிந்தது என்கிற கடை இதற்கு ஆகாது. முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில் டோ. வரிசை மாறினால் முதலில் வைத்தது கெட்டுவிடும். முன்பக்கம் நெகட்டிவ் இரண்டரை, பின்பக்கம் ஒன்றரை. முன் டோ பூஜ்யம். பின்னால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கி. முன்பக்கம் டோ அவுட் வைத்தால் கார் வளைவுக்குள் சட்டென்று பாயும், டிராக்கில் சுகமாக இருக்கும். ஆனால் லாரித் தடம் பதிந்த ரோட்டில் ஸ்டீரிங் கையைவிட்டு இரு பக்கமும் அலையும், டயரும் சீக்கிரம் தீரும். கேம்பரை நான் டிராக்குக்காக வைத்துக்கொண்டேன், டோவை ரோட்டுக்காக. இந்தப் பங்கீடு என் யோகோஹாமா ஏடி08ஆர் டயர்களுக்கு நன்றாகவே ஒத்துப்போயிற்று.

மறுபடி சிப்பாங் போனபோது நான்காவது வளைவின் கெர்பை ஒதுக்காமல் வேண்டுமென்றே ஏறினேன். ஐந்து, ஆறு இரண்டையும் ஒரே மூச்சில், ஸ்டீரிங்கைத் திருத்தாமல் எடுக்க முடிந்தது. ஏழும் எட்டும் சேர்ந்த இரட்டை வலது வளைவில்தான் பின்பக்க வேலையின் அருமை தெரிந்தது: முன்பெல்லாம் ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்தினால் பின்பக்கம் முதலில் அசையும், ஒரு நொடி கழித்து மறுபடி அசையும். இப்போது ஒரே அசைவு, எதிர்பார்த்த அளவுக்கு. பிட்டில் வெப்பமானியை வைத்தால் நான்கு டயரும் ஒழுங்கான வரிசையில் இறங்குமுகமாக எண்களைக் காட்டின, உள்ளிருந்து வெளியே. வீட்டுக்கு வந்து அலைன்மெண்ட் தாளோடு ஒப்பிட்டால் கேம்பர் வைத்த இடத்தில் இருந்தது.

ரோட்டில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் அம்மா ஏறினார். டோ ஆர்மின் பில்லோபால் வழியாகப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் கார் வேகம் பிடிக்கும்போது வருகிறது. அம்மா பின்சீட்டில் வைத்த காய்கறிப் பையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பின்னாடி யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கேப்பா.” அவ்வளவுதான் சொன்னார். பழைய கிழிந்த புஷ்ஷின் தடதடப்பு போய்விட்டதையும் அவர்தான் முதலில் கவனித்தார். பள்ளத்தில் இறங்கினால் ஒரே ஒரு தொம், பிறகு அமைதி. நான்கு மூலையிலும் பில்லோபால் போட்டிருந்தால் அவரை அந்தக் காரில் ஏற்றியிருக்க மாட்டேன்.

பேரிங்குக்கு ஆயுள் உண்டு என்பது தெரிந்தே வாங்கியது. பல மழைக்காலங்களுக்குப் பிறகு வலப்பக்க டோ ஆர்ம் தட்ட ஆரம்பித்தது. உறையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் சேறு. தவுக்கேயிடம் கேட்டபோது பேரிங் மட்டும் ஒரு சின்னப் பையில் வந்தது. மாமா பழையதை அழுத்தி எடுத்துப் புதியதைப் போட்டுக்கொடுத்தார். ஆர்மும் மரையும் அப்படியே இருந்ததால் டோவை லேசாகச் சரிபார்த்ததோடு வேலை முடிந்தது. அன்று மேசைமுன் கேட்ட கேள்விகளில் மிகவும் பயன்பட்டது இந்த உதிரிப்பாகக் கேள்விதான். இப்போது யாராவது என்னிடம் வந்து எந்த பிராண்ட் என்று கேட்டால், அந்த பிராண்டின் தேய்கிற பாகங்களை உங்கள் ஊர்க் கடை வைத்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இப்போது மிச்சம் இருப்பது முன் லோவர் ஆர்மின் பின்பக்கப் புஷ். அன்று கடப்பாரைக்குக் கொஞ்சமாக நெகிழ்ந்து, பரவாயில்லை என்று விட்டது அதுதான். பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுவதை அது தாங்குகிறது. அது நெகிழ்ந்தால் காஸ்டரும் டோவும் அந்த நேரத்துக்கு மாறிவிடும். சிப்பாங்கில் 2016இல் புதுத் தார் போட்டபோது கடைசி வளைவின் உள்பக்கத்தை உயர்த்திவிட்டார்கள். நீண்ட பின்நேர்கோட்டின் முடிவில், வெளிப்பக்கம் சரிகிற தரையில், முழு பிரேக்கோடு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அங்கே ஸ்டீரிங் ஒரு கணம் மங்கலாகிறது. அந்தப் புஷ்ஷுக்குப் பதில் பில்லோபால் போட்டால் அந்த மங்கல் போய்விடும். ஆனால் ரோட்டின் குழிகள் நேராக மோதுகிற இடமும் அதுதான், அதனால் மாமா கடினமான ரப்பர் என்கிறார். நானும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தவுக்கே ஒரு ஜோடியை எடுத்துவைத்திருக்கிறார்.